பதினேழாம் நம்பர் பாட்டில்

மனிதன் பொய் சொல்வான். அவனுடைய மூத்திரம் சொல்லாது. மனிதகுலம் யுகயுகமாகத் தேடிக்கொண்டிருந்த இந்தப் பேருண்மை, 1985ஆம் வருடம், சித்தூர் பஸ் டெப்போ ஒன்றில், மேனேஜர் சிவசங்கரன் அவர்களின் திருவாயால் வெளிப்பட்டது. ஹைதராபாத்துக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவர் வேறெப்படிப் பேசுவார்! மறுநாளே டிரைவர்கள் அத்தனை பேரும் போதைப் பரிசோதனைக்காக ஆளுக்கொரு பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள். டெப்போவில் பாட்டில் தரவில்லை. ஆகவே டானிக் பாட்டில், தைல பாட்டில், தேன் பாட்டில் என்று 'விஞ்ஞான முறைப்படி' வந்து சேர்ந்தன.

பதினேழாம் நம்பர் பாட்டில் எர்னஸ்ட்டுடையது. இருபத்திரண்டு வருடமாகத் திருப்பதி லைன் ஓட்டுகிறவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. பதினெட்டு வயதிலேயே மிஷன் சபையில் மதுவிலக்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர். சாராயக்கடை இருக்கும் தெருவில் ஹாரன்கூட அடிக்கமாட்டார். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் முதுகுவலி. பாகாலா ரோட்டுப் பள்ளங்களும் மேனேஜர் போட்ட டபுள் டியூட்டியும் சேர்ந்து கொடுத்தது அது. அதற்கு டெப்போ டாக்டர் சண்முகம் கோடீன் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். எர்னஸ்ட் வேளைக்கு ஒன்றாக, ஜெபம் பண்ணிவிட்டு விழுங்குவார்.

ரிசல்ட் வந்தது. பதினேழாம் பாட்டிலில் கோடீன் இருந்தது. கூடவே மார்ஃபினும் இருந்தது. அபினிலிருந்து எடுக்கிற சமாச்சாரம்! அன்றைக்கே எர்னஸ்ட் சஸ்பெண்ட்.

வீட்டில் மனைவி ஞானசௌந்தரி தலையில் அடித்துக்கொண்டாள். "வேல போனா போவுது, இட்லி சுட்டு வித்தாவது பொழச்சிக்கலாம். ஞாயித்துக்கெழம சர்ச்சுல ராப்போஜனத்துக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு முழங்கால் போடுவீங்க? பாஸ்டரு கேட்டா இன்னா சொல்றது, எங்க வூட்டுக்காரரு அபின் துன்றாருன்னா?"

"டாக்டர் குடுத்தத தவிர வேற ஒண்ணுமே துன்னலடி நானு," என்று சொல்லும்போதே எர்னஸ்ட்டுக்கு அழுகை வந்துவிட்டது.

விசாரணைக் கமிட்டி கூடியது. தலைவர் சிவசங்கரன். மேனேஜர் ஆவதற்கு முன்னால் பதினெட்டு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்த மகான். ஸ்டோர்ஸிலிருந்து எந்தச் சாமான் போனதோ அந்தச் சாமான்தான் திரும்பி வர வேண்டும். மாறி வந்தால் திருட்டு. பதினெட்டு வருடமும் அவர் கடைப்பிடித்த வேதம் அதுதான்.

"நாம குடுத்தது கோடீன் ஒண்ணுதான். திரும்பி வந்தது ரெண்டு. எக்ஸ்ட்ரா சாமான் எங்கேர்ந்துய்யா வந்துச்சு?"

"எனக்கின்னா சார் தெரியும்? வாய் வரைக்குந்தான் நம்ம டியூட்டி. உள்ள போனப்புறம் இன்னா நடந்துக்கினு இருக்குதுன்னு நான் எங்க போய்ப் பாக்கறது?"

கமிட்டி உறுப்பினரான டாக்டர் சண்முகம் தொண்டையைக் கனைத்தார். "சார், புஸ்தகத்திலயே போட்டிருக்குது. கோடீன்ல ஒரு பங்க கல்லீரலே மார்ஃபினா மாத்திடும். அதனாலதான் வலி கொறையுது. யாரு துன்னாலும் இப்படித்தான் வரும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஏன் சொல்லல?"

"ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல சார்."

அப்பாடா என்று மூச்சு விட்டார் எர்னஸ்ட். அவசரப்பட்டுவிட்டார், பாவம்.

"சாலு, சாலு," என்று தெலுங்கில் 'போதும்' சொல்லிக் கையமர்த்தினார் மேனேஜர். "அப்ப, டெப்போ சாமான வாங்கி, பர்மிஷன் இல்லாம, டியூட்டி நேரத்துல வேற சாமானா மாத்தியிருக்குது. யாரோட கல்லீரல் அது?"

"என்னுதுதான் சார்."

"எழுதிக்குங்கய்யா: ஒப்புக்கொண்டார்."

கமிட்டி மெய்சிலிர்த்துப்போனது.

"இனிமே மாத்தாதுன்னு எழுதிக் குடு, வேல உண்டு."

"அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே சார்."

"கார்டியன்னு போட்டு நீ போடு."

பேனா கைக்கு வந்தது. எர்னஸ்ட் அதைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரே ஒரு உறுதிமொழிதான் எழுதியிருக்கிறார், அதையும் மீறியதில்லை. "பொய்ச் சத்தியம் பண்ணமாட்டேன் சார். நான் சொன்னா அது கேக்காது, மாத்திக்கினேதான் இருக்கும். வேணும்னா மாத்திரைய நிறுத்திடறேன்."

இரண்டாவது பாட்டில் போயிற்று. சுத்தம்! எர்னஸ்ட்டுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, ராப்போஜனமும் நிற்கவில்லை. பாகாலா ரோட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் துண்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, 'போதையற்ற' நிலையில் அறுபது உயிர்களை ஓட்டிக்கொண்டு போனார்.

இறுதி உத்தரவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். முதுகை உடைத்த ரோடு குற்றமற்றது. டபுள் டியூட்டி போட்ட மேனேஜர் குற்றமற்றவர். தெரிந்தும் வாயைத் திறக்காத டாக்டரும் குற்றமற்றவர். கண்டனம் பெற்றது எர்னஸ்ட்டின் கல்லீரல் மட்டுமே. லீவு போடாமல், மாமூல் வாங்காமல், ஃபாரத்தில் கட்டம் இல்லை என்று சாக்குச் சொல்லாமல், தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அந்த டெப்போவிலேயே அது ஒன்றுதான். அதைத்தான் பிடித்தார்கள்.