கரண்டுக்கும் கிரிவலம் உண்டு

ஒரு பியூஸ் போட ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்கிற எலக்ட்ரீஷியன் உலகத்திலேயே எங்கள் வேங்கிக்கால் தெருவில்தான் இருந்தார். பியூஸுக்கு ஐந்து நிமிடம், மிச்சமெல்லாம் பாடம். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் ‘கிரிவலம்’.

வந்ததும் வீட்டுக்காரர்களைச் செருப்பு மாட்டச் சொல்வார், வீட்டுக்குள்ளேயே. “சாமிக்குக் கழட்டணும், கரண்டுக்கு மாட்டணும்.” பிறகு வாய்மொழித் தேர்வு. தேறாவிட்டால் டெஸ்டர் பையை விட்டு வெளியே வராது. நாளெல்லாம் ஆபீஸில் மனு வாங்கிக் களைத்து வருகிறவனுக்கு இது என்ன தலையெழுத்து என்று பலமுறை நொந்துகொண்டிருக்கிறேன்.

ஒரு பௌர்ணமிக்கு முதல் நாள் எங்கள் கிரைண்டர் நின்றுவிட்டது. கிரிவலப் பாதையில் என் மனைவிக்கு இட்லிக் கடை. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் உருப்படியான வியாபாரம். இரண்டு அண்டா அரிசி ஊறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கிரிவலத்தைக் கூட்டி வந்தேன்.

“சார், கரண்டு எங்கேர்ந்து வருது?”

“போர்டுலேர்ந்து.”

“அப்புறம்?”

“கிரைண்டருக்குப் போவுது.”

“அப்புறம்?”

“அவ்ளோதாங்க. அங்கயே தீந்துடுது.”

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “கோயில்ல கெளம்பி பாதி வழியில, அடி அண்ணாமலையோட நின்னுட்டா கிரிவலம் ஆவுமா சார்? போனது திரும்பி வரணும். நடுவுல எங்க அறுந்தாலும் மோட்டார் சுத்தாது. எழுந்திரிங்க, ஒயர் போற வழியிலயே நடங்க.”

நடந்தேன். வேறு வழி?

“பாடத்த அப்புறம் வெச்சுக்கங்கண்ணா, அரிசி புளிக்குது” என்று அலுத்துக்கொண்டே என் மனைவி, வெறுங்காலும் ஈரக் கையுமாகக் கிரைண்டர் கல்லைத் தூக்கப் போனாள்.

“கை வெக்காதம்மா!”

அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான்.

“சுவிட்ச் ஆஃப்லதான் இருக்குதுண்ணா.”

அவர் டெஸ்டரைக் கிரைண்டரின் மேல் வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

“எவனோ திரும்புற ஒயர்ல சுவிட்சப் போட்டிருக்கான். அதுவும் லூசாயிடுச்சு. வர்ற வழி மட்டும் தொறந்தே கெடக்குது, உள்ள ஒயர் தேஞ்சு மேல் தகட்டுலயும் கரண்டு ஏறியிருக்குது. நீ தொட்டிருந்தா உன் ஒடம்புதாம்மா அதுக்குத் திரும்புற வழி.”

மனைவி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். அவர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் என் பக்கம் திரும்பினார்.

“இப்ப சொல்லுங்க சார், அங்கயே தீந்துடுதா?”

ஒயரை மாற்றிப் போட்டார், எர்த் கொடுத்தார். மாவு அரைந்தது, மறுநாள் இட்லி விற்றது. அன்றிலிருந்து அவர் பாடத்தை நான் குறை சொன்னதில்லை, கொட்டாவி மட்டும் விட்டிருக்கிறேன்.

போன வருடம் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டார். நேற்று ஃபேன் நின்றது. புது எலக்ட்ரீஷியன் வந்தார், வாயே திறக்காமல் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டுக் கிளம்பினார். நானும் மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டால் சொல்லலாம் என்று நின்றிருந்தோம். அவர் ஒன்றுமே கேட்கவில்லை.