மாப்பிள்ளையைத் தனியாகக் கடலில் விடலாமா

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைக் கேட்டால், அடிபட்டு வந்த பெட்டியைப் பிரிக்கும்போது கடையில் சொல்வதையே சொல்கிறேன்: கீறல் இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. போனது இரண்டு பேர், கரையில் கிடப்பதும் இரண்டு பேர். என் போன் கடலுக்குள் போய்விட்டது, மாப்பிள்ளை போனே வைத்துக்கொள்வதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக் காலை சாமான் படகில் போகும். எங்கள் படகின் சுக்கான் உடைந்துவிட்டதால் அதைச் செய்து முடிக்கும்வரை இந்தத் தீவு விடுதியில்தான் இருப்போம்.

நீ கேட்டது ஒரே கேள்வி. அடுத்த மாதம் மாப்பிள்ளை தன் கையால் கட்டிய பாய்ப்படகில் பன்னிரண்டு நாள் தன்னந்தனியாகத் தீவு தீவாகப் போவேன் என்று நிற்கிறார். "விடலாமா கூடாதான்னு நீ கூடப் போய்ப் பார்த்துச் சொல்லு அண்ணே, நீ சொன்னா கேட்டுக்குறேன்" என்றாய். முப்பத்தெட்டு வருடமாக டைல்ஸும் வாஷ்பேசினும் விற்கிறேன். கடைக்குள் நுழைகிறவன் வாங்க வந்தானா, மழைக்கு ஒதுங்கினானா என்பது அவன் குடையை மடக்குவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். ஆளைப் பார்த்துச் சொல்வது ஒரு பெரிய காரியமா என்று நினைத்துத்தான் கிளம்பினேன்.

படகா அது! எங்கள் கடை மாடியில் அதைவிடப் பெரிய குளியல் தொட்டி இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் உள்ளே இருக்க வேண்டும், படகில் வெளியே இருக்க வேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான், அதுவும் முதல் நாள் மதியத்தோடு தீர்ந்துபோனது. வெயில் முதுகை வறுக்கும், சட்டையைக் கழற்றுவேன், கழற்றி முடிப்பதற்குள் மேகம் வந்து பல் கிட்டிக்கும், மறுபடி மாட்டினால் மறுபடி வெயில், இரண்டு நாளும் நான் கடலைப் பார்த்ததைவிடச் சட்டையின் உட்புறத்தைப் பார்த்ததுதான் அதிகம். மாப்பிள்ளையோ சர்வேயர் ஆபீஸிலேயே இருப்பது போல உட்கார்ந்துகொண்டு, "மச்சான், அந்த மிதவை என்ன நிறம்? சத்தமா சொல்லு" என்பார். "பச்சை" என்பேன். "ம்" என்பார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வரைபடத்தை நான்தான் படிக்க வேண்டும், தீவின் பெயரை நான்தான் எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். "ஏன் மாப்ள, நான் என்ன உங்க ஆபீஸ் பியூனா?" என்று கேட்டே விட்டேன். "டேப்பப் பிடிக்கிறவன் படிச்சுச் சொல்லுவான், நான் கேட்டு எழுதிப்பேன். முப்பது வருஷப் பழக்கம். நீயும் படி, மூளை துருப்பிடிக்காம இருக்கும்" என்றார். ரிட்டயர் ஆனாலும் அதிகாரம் ரிட்டயர் ஆகவில்லை என்று விட்டுவிட்டேன்.

இனி மூன்றாம் நாள். இதில் குற்றவாளி நான், ஒளிக்காமல் எழுதுகிறேன். காலையில் ஒரு தீவின் படகுத்துறையில் நிற்கிறோம். "போர்டுல காத்து எவ்வளவுன்னு போட்டிருப்பான், படிச்சுட்டு வா" என்று என்னை அனுப்பினார். பிற்பகலில் முப்பது நாட் வரை காற்று, சிறு படகுகள் வெளியே போக வேண்டாம் என்று எழுதியிருந்தது. நாட் என்பது கடல்காரர்களின் வேகக் கணக்கு, எனக்குப் புதிது. ஆனால் எவன் எழுதி வைத்த எண்ணும் முதல் எண்தான், கடைசி எண் இல்லை என்பது என் தொழிலில் முதல் பாடம். முப்பது என்று போட்டிருந்தால் பதினெட்டுக்குப் படியும். திரும்பி வந்து, "பதினெட்டு மாப்ள" என்றேன். "பதினெட்டா? தாராளமா போலாம்" என்று பாயை ஏற்றிவிட்டார்.

மூன்று மணிக்கு வந்தது காற்று. முப்பதில் ஒரு நாட் கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. மழை மேலிருந்து பெய்யவில்லை தங்கச்சி, பக்கவாட்டில் பெய்தது. ஒவ்வொரு அலையும் வந்து மடியில் உட்கார்ந்துவிட்டுப் போனது, நான் வாளியால் மொண்டு மொண்டு ஊற்றுகிறேன், உள்ளங்கைத் தோல் உரிந்து வாளிப்பிடியோடு ஒட்டிக்கொண்டது, வயிற்றில் இருந்ததெல்லாம் அதே வாளியில் போனது, கடைச் சாவிக்கொத்து என் இடுப்பில் இருக்கிறதே, என்னோடு இது முழுகினால் நாளைக்கு ஷட்டரை எப்படித் திறப்பார்கள் என்ற ஒரு நினைப்புதான் இருந்தது, உன் அண்ணியை அப்புறம்தான் நினைத்தேன். தலையைத் தூக்கினால் எதிரே கல். பத்தடி இருக்கும். மாப்பிள்ளை அதை நேருக்கு நேர் பார்த்தபடி கண்ணிமைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். "மாப்ள! கல்லு! கல்லுய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்புறம்தான் திருப்பினார். சுக்கான் போனது, நாங்கள் போகவில்லை. அந்த நெஞ்சுத் துணிச்சல் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. படகு மணலில் போய்ச் சொருகியது.

ஈரப் பாயைப் போர்த்திக்கொண்டு மழை விடும்வரை கிடந்தோம். "மச்சான், கல்லப் பத்தி மட்டும் உன் தங்கச்சிக்கு எழுதாத. எனக்கு அந்தப் பன்னெண்டு நாள் வேணும். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்குறேன்" என்றார். அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் படகு பழுது பார்க்கிறவர் வந்து, "கல்லு மேல கம்பம் நட்டு இவ்ளோ பெரிய சிவப்பு விளக்கு போட்டிருக்கு, ரெண்டு பேர்ல ஒருத்தருக்குமா தெரியல?" என்று கேட்டார். நான் வாளிக்குள் முகத்தை வைத்திருந்தேன். மாப்பிள்ளை குனிந்து பாய்க் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். "மழைய்யா, ஒண்ணும் தெரியல" என்று நானே சொன்னேன்.

ஆக என் முடிவு: விடலாம். கல்லைப் பற்றி எழுதிவிட்டேன், விரிசலை மறைத்துப் பீங்கான் விற்றவன் இல்லை நான். ஆனால் அந்தக் கல்லுக்கு எங்களைக் கொண்டுபோனது என் பதினெட்டு. நான் அவர் கூட இல்லாதிருந்தால் அவரே போய் போர்டைப் படித்திருப்பார், முப்பதைப் பார்த்துக் கரையிலேயே உட்கார்ந்திருப்பார். என்னைப் போல ஒருவன் பக்கத்தில் இருப்பதைவிட அவர் தனியாகப் போவதே அவருக்குப் பாதுகாப்பு. சந்தோஷமாக அனுப்பி வை.

பெரியவனை வேலைக்கு நேரத்தோடு போகச் சொல். சின்னவளுக்கு என் முத்தம். உன் வீட்டில் கவலை நுழையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே இருக்கும் முடிவைக் கிழித்துப் போட்டுவிடு. உறையை ஒட்டுவதற்கு முன், கல்லைப் பற்றி எழுதியது அவருக்கும் தெரியட்டும் என்று மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடுத்தேன். ஜன்னலோரம் போய் நின்று நிதானமாகப் பார்த்தார். திருப்பி, பின்பக்கத்தை இன்னும் நிதானமாகப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்க மச்சான். படிச்சா அவ நிம்மதியாத் தூங்குவா" என்று என் தோளைத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். மேசையில் இருந்து அவசரத்தில் நான் எடுத்துக் கொடுத்தது விடுதியின் சலவைச் சீட்டு. போர்வை இரண்டு, துண்டு நான்கு. பின்பக்கம் வெறும் தாள்.

அது சலவைச் சீட்டு என்று அவரிடம் சொல்லாமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். சுக்கான் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன், படகு இங்கேயே கிடக்கட்டும், வியாழக்கிழமை வரும் சாமான் படகில் அவரை அழைத்து வருகிறேன். கண் டாக்டரிடம் அன்றைக்கே நேரம் வாங்கி வை. துறைக்கு நீயே வா. வழக்கம் போல தூரத்தில் நின்று கையை ஆட்டாதே. கிட்ட வந்து, முதலில் நீ பேசு.