தொப்பி போட்ட நீர்நாய்

"யாரைக் கேட்டு இந்தப் படத்தைப் போட்டே?"

தோருன் கேட்டதும் ஐவிந்தின் கையிலிருந்த மாவு உருண்டை நழுவியது. பெர்கன் நகரில் அவன் பேக்கரி திறந்து ஒரு வாரம்தான். பன் பைகளில் எல்லாம் ஒரு நீர்நாய் மல்லாந்து மிதந்தது.

"இணையத்துல சும்மாதான் கிடந்துச்சு."

"வாசல்ல என் சைக்கிள்கூடத்தான் சும்மா நிக்குது. எவனாவது எடுத்துக்கலாமா?"

தோருன் அவன் மனைவி; புத்தகங்களை மொழிபெயர்ப்பவள். காப்புரிமை என்றால் தூக்கத்திலும் எழுந்து உட்காருவாள்.

ஐவிந் யோசித்தான். நீர்நாயின் தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி ஒன்றை வரைந்தான்; உச்சியில் பெரிய குஞ்சம். புதுப் பைகள் அச்சாகி வந்தன.

"இப்போ இது என்னோட நீர்நாய்!"

"தொப்பி உன்னோடது. நீர்நாய் வரைஞ்சவங்களோடது. அன்னிக்குக் கேக்காம எடுத்தே, இன்னிக்குக் கேக்காம மாத்தியும் வெச்சுட்டே. நல்ல முன்னேற்றம்!"

வரைந்தவரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, 'ஓவியம்: சில்யே' என்று பையில் கொட்டை எழுத்தில் சேர்த்தான்.

"பேரைச் சொல்லிட்டுத் திருடினா அது திருட்டு இல்லையா?" என்றாள் தோருன்.

அதற்குள் தொப்பி நீர்நாய் ஊரெல்லாம் பிரபலம். குழந்தைகள் பன்னை விட்டுவிட்டுப் பையைக் கேட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் படம் போட்டது. வியாபாரம் சூடு பிடிக்கப் பிடிக்க ஐவிந்துக்குப் பயமும் கூடியது. கடைசியில் ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சில்யேவுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டான்.

ஒரே வரியில் பதில் வந்தது: 'நேரில் வருகிறேன்.'

"அவ்வளவுதான். கடையை மூட வேண்டியதுதான்."

"மூடறதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு பன் குடு," என்றாள் தோருன். பிறகு அவன் தோளில் கை வைத்தாள். "எழுதினே பாரு, அதான் சரி."

மழை சொட்டும் கோட்டோடு சில்யே உள்ளே வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஐவிந் முந்திக்கொண்டான்.

"பைகளை எல்லாம் இன்னிக்கே எரிச்சிடறேங்க!"

"ஐயோ, வேணாம்!"

அவர் தன் தோள்பையிலிருந்து ஒரு குழந்தைகள் புத்தகத்தை எடுத்துத் தயங்கித் தயங்கி மேசையில் வைத்தார். அட்டையில் அவருடைய நீர்நாய், தலையில் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி.

"பத்திரிகையில பாத்ததும் ஆசைப்பட்டு, உங்களைக் கேக்காமலே தொப்பியை எடுத்துப் போட்டுட்டேங்க. புத்தகம் அச்சாயிடுச்சு. தயவுசெஞ்சு என் மேல கேஸ் மட்டும் போட்டுடாதீங்க!"