என் தகரக் கூரைக்கு மேலே ஒரு வினைச்சொல்

இலங்கை மலையகத்தில், நானுஓயாவிலிருந்து கினிகத்தேனை வரை, ஒரு வினைச்சொல்லுக்காகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்குப் போகக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். அட்டை கிழிந்த ஆங்கில அகராதி எப்போதும் கக்கத்தில் இருந்ததால், பெயர் டிக்சனரி. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எந்த வாசலிலும் நின்று தேத்தண்ணி குடித்ததில்லை. "நின்னா தபால் நிக்கும்" என்பார். ஓய்வுபெற்ற பிறகும் நிற்கவில்லை.

ஒருநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்ட ஆபீஸ் நோட்டீஸ் ஒட்டியது. தமிழர் மட்டுமே குடியிருக்கும் லயம் என்பதால், மறக்காமல் ஆங்கிலத்தில்.

"நாளைக்கு ட்ரோன் நம்ம லயத்த ஓவர்ஃப்ளை பண்ணுமாம்" என்றார் டிக்சனரி.

"அப்படின்னா என்னங்கண்ணே?" என்று கேட்டேன்.

"ஒரு எடத்துக்கு மேல பறந்து அந்தப் பக்கம் போயிர்றது. எறங்கக்கூடாது, நிக்கக்கூடாது. பெரிய மனுசங்க ஹெலிகொப்டர்ல வந்து நம்ம தலைக்கு மேலயே போயிர்றாங்கல்ல, அதேதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். மகள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்க, அனுமதி கேட்காமல் பின்பக்கம் ஒரு தகர அறை கட்டியிருந்தேன். ஆபீஸ் பார்த்தால் உடைத்துவிடும்.

மாவீரனாகிய நான் உடனே கூரைமேல் பூசணிக்கொடியை இழுத்துப் போட்டேன். போதவில்லை. சாக்கு போட்டேன். கடைசியில் மனைவியின் ரோஸ் கலர் சேலை.

"திருவிழா நடக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள் அவள்.

மறுநாள் ட்ரோன் பத்து வீட்டைச் சமர்த்தாகக் கடந்து, அந்தச் சேலைக்கு நேர்மேலே வந்து நின்றது. நான் கோழிக்கூட்டுக்குள் போனேன்.

ரோட்டில் ரிமோட்டுடன் நின்ற தோட்டத்து உதவி மேலாளர் சின்னதுரையிடம் டிக்சனரி போனார்.

"தொரை, நோட்டீஸ்ல ஓவர்ஃப்ளைன்னு போட்டீங்க. இது நிக்குது."

"அங்க ரோஸா என்னமோ இருக்கு. ஒரு நிமிஷம் பாத்துட்டு..."

"நிக்கிறதுக்கு வேற வார்த்தை. வேற நோட்டீஸ். வேற தேதி!"

அகராதி விரிந்தது. பொருள் சொன்னார், உதாரண வாக்கியம் சொன்னார், சின்னதுரையைத் திருப்பிச் சொல்லவைத்தார். மூன்றாவது வாக்கியத்தில் ட்ரோனின் பாட்டரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. சின்னதுரை இயந்திரத்தை இறக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அதற்குப் பிறகு எங்கள் லயத்துக்கு நோட்டீசும் வரவில்லை, ட்ரோனும் வரவில்லை.

தலையில் கோழி இறகோடு வெளியே வந்தேன். "ஒரு தேத்தண்ணி குடிங்கண்ணே."

மறுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். நேரே தகர அறைக்குள் போய், அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, மகளின் கொப்பியில் நாலு பிழையைத் திருத்தினார். பிறகு தினமும் நாலு மணிக்கு வந்தார்.

போன மழைக்காலத்தில் காலமானார். இப்போதும் நாலு மணிக்கு மகள் ஒரு கோப்பை கூடுதலாக ஊற்றுகிறாள். ஆறியதும் நான்தான் குடிக்கிறேன், அவருடைய அந்த நாற்காலியில் உட்காராமல்.