எறும்பு தின்ற மேடை

திண்டுக்கல்,
1961, ஆவணி மாதம்.

'மனைத்தோழி' மாத இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, சந்தாதாரர் சுந்தரம்மாள், பி.ஏ., வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் காரியாலயத்தாரும் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே நான், என் கணவர், என் மாமியார் மூவரும் நலம். எங்கள் வீட்டு எறும்புகள் எங்கள் மூவரையும்விட நலம். அவற்றை முன்னிட்டுத்தான் இந்தக் கடிதம்.

சென்ற இதழில் 'நின்றபடி சமைப்போம்' என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கூடவே ஒரு படம். இடுப்பு உயரத்தில் அடுப்பு மேடை, அதற்கு மேல் ஜன்னல், முன்னால் தலையில் பூவோடு, முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்மணி. எனக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் தரையோடு தரையாக இருக்கும் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தே ஆக்குகிறேன். உட்காரும்போது என் முழங்கால் ஓர் அபிப்பிராயம் சொல்லும்; எழும்போது அதையே மறுத்து இன்னொன்று சொல்லும். அங்கே உட்கார்ந்து பார்த்தால் தெரிகிற உலகம், பானைகளின் அடிப்பாகம். கல்லூரியில் படித்தபோது வாழ்க்கையைப் பற்றி எவ்வளவோ யோசித்திருக்கிறேன். அதில் எந்த யோசனையிலும் பானையின் அடிப்பாகம் வரவில்லை. ஆகவே எனக்கு ஒரு மேடையும் ஒரு ஜன்னலும் வேண்டும் என்று கேட்டேன். இந்த வீட்டில் எனக்கென்று நான் கேட்ட முதல் பொருள் அதுதான்.

என் மாமியார் ஒச்சம்மாள் படத்தைக் கையில் வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்து, கிட்டப் பிடித்துப் பார்த்து, "நின்னுக்கிட்டு ஆக்குறவ சோறு விக்கிற கிளப்புக்கடைக்காரி. வீட்டுப் பொம்பள நின்னா லச்சுமி எங்கிட்டுத்தா உக்காருவா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் கணவர் பெருமாள்சாமி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மா, மனைவி என்ற இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதில் கவனமானவர். "மொதல்ல பிளானைக் காட்டு, பெறகு பேசுவோம்" என்றார்.

தங்கள் கட்டுரையிலேயே அதற்கும் வழி இருந்தது. 'செங்கல் வைக்கும் முன், திட்டத்தை முழு அளவில் தரையிலேயே வரைந்து, அதற்குள் நடமாடிப் பாருங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். எதைக் கொண்டு வரைவது என்று எழுதவில்லை. ஐயா, தரையில் கோடு போடு என்று எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியிடம் சொன்னால் அவள் கை எங்கே போகும்? அரிசி மாவு டப்பாவுக்குத்தான் போகும். வியாழக்கிழமை சாயங்காலம் சமையலறைத் தரை முழுவதும் மேடை, ஜன்னல், அலமாரி, பாத்திரம் தேய்க்கும் தொட்டி எல்லாம் மாவில் வரைந்தேன். என் கணவருக்கு ஒரே உற்சாகம். நான் போட்டிருந்த வாசல் வழியாகவே உள்ளே வந்தார், வெறும் காற்றாக இருந்த மேல் அலமாரியில் இடிக்காமல் குனிந்தார், நான் அவசரத்தில் கோட்டைத் தாண்டித் தண்ணீர் கொண்டுபோனதற்கு, "ஏய், சுவத்துக்குள்ள பூந்து வாரியே, நீ என்ன பேயா?" என்று கேட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாவு மேடையின் முன்னால் வெகுநேரம் நின்று பார்த்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் எழுந்து வருவதற்குள் என் மாமியார் குளித்து, ஈரத்தலையோடு சமையலறைக்குள் போயிருக்கிறார். தரையைப் பார்த்ததும், பி.ஏ. படித்த மருமகள் இத்தனை வருடத்தில் சொல்லாமலே ஒரு கோலம் போட்டிருக்கிறாள், அதுவும் கோணல்மாணலாக, என்று அவருக்கு மனம் இளகிவிட்டது. வாசலுக்குப் போடும் வெள்ளைக்கல் பொடியை எடுத்துவந்து, என் தொட்டி இருந்த இடத்தில் எட்டு இதழ்த் தாமரை வரைந்து, சுற்றிலும் கரைகட்டி, நிலைப்படி வரை கொண்டுவந்து முடித்திருந்தார். "கோணலா இருந்துச்சு, நிமித்தி விட்டேன். வெள்ளிக்கிழம போட்ட கோலம், ஒருத்தரும் மிதிக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது, ஆமா" என்றார்.

உப்பு, புளி, மிளகாய், காப்பிப்பொடி எல்லாம் கோலத்துக்கு அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். என் கணவர் முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியைக் கொண்டுவந்து, நிலைப்படியில் நின்றபடியே ஒவ்வொரு தூக்குச்சட்டியாகக் கொக்கிபோட்டு இழுத்தார். காப்பிப்பொடி வந்துவிட்டது, சர்க்கரை பாதி வழியில் கவிழ்ந்து தாமரைக்கு மகரந்தமாயிற்று. கரியடுப்பு நல்லவேளையாகக் கொல்லையில் கிடந்தது. கொல்லைத் தரை ஈரம்; அங்கே வைத்தால் பற்றவே இல்லை. ஆத்திரத்தில் அதைத் தூக்கிக் கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்தேன்.

கல்லும் அடுப்புமாக என் இடுப்புக்குச் சரியாக இருந்தது. நின்றேன். நின்றபடி குழம்பைக் கிளறினேன். மதிலுக்கு மேல் சிறுமலை தெரிந்தது, அதன் தலையில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் குழம்பு அடிப்பிடித்தது; அதனால் எனக்கு வருத்தமே இல்லை. என் மாமியார்தான் கொல்லைவாசலில் நின்று, "துணி தொவைக்கிற கல்லுல வெஞ்சனமா! ஏத்தா, நாளைக்கு அடுப்புல வேட்டியப் போட்டுத் தொவைப்பியோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் எறும்பு. சர்க்கரைக்கு வந்தவை என் மாவையும் கண்டுகொண்டன. விரட்டப் போனேன். "கைய எடு! எறும்பு திங்கத்தான மாவுக்கோலம் போடுறது? அம்புட்டும் புண்ணியம்" என்று மாமியார் தடுத்துவிட்டார். ஆசிரியர் அவர்களே, எறும்புகள் ஜன்னலைத் தின்றன. அலமாரியைத் தின்றன. கடைசியாக என் மேடையைத் தின்றன. கல்பொடியில் மாமியார் போட்ட தாமரையும் கரையும் மட்டும் அப்படியே நின்றன. அந்த நேரம் பார்த்து நான் வரச்சொல்லியிருந்த கொத்தனார் பேச்சிமுத்து வந்தார். அவரும் கோலத்தை மிதிக்கவில்லை. வெளியிலிருந்தே கண்ணால் அளந்துவிட்டு, "தாமரை சிமிட்டியிலயா, கல்லுலயாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தியாத்தா, எறும்புக்கே ஒம்மேடை பிடிக்கல" என்றார் மாமியார்.

"பிடிக்காமலா ஆத்தா இம்புட்டையும் தின்னுச்சு?" என்றார் என் கணவர். எனக்காக அவர் பேசிய ஒரே வாக்கியம் அது. உடனே பழனிப் பக்கம் யாரையோ பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறிவிட்டார்.

'எறும்பு ரூபத்துல சாமியே சொல்லிட்டாரு' என்று மாமியார் வாயால் தீர்ப்பாகிவிட்டது. கொத்தனாரை அனுப்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை தரையைக் கழுவிவிட்டு நான் பழையபடி அடுப்பு முன்னால் உட்கார்ந்தேன். முழங்கால் தன் அபிப்பிராயத்தைச் சொன்னது. இனி எங்கள் வீட்டில் யாரும் நின்று சமைக்கப்போவதில்லை. ஆகவே 'திட்டத்தைக் கல்பொடியில் வரையவும்' என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டு, வேறு பெண்களையாவது காப்பாற்றுங்கள். என் சந்தாவை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். மற்றபடி தங்கள் மீது கோபமில்லை. தங்கள் இல்லத்தில் எப்போதும் பால் பொங்கட்டும், அடுப்பின்மேல் மட்டும் பொங்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உட்கார்ந்தபடி,
பெ. சுந்தரம்மாள்.

பின்குறிப்பு: உறை ஒட்டப் போகும்போது சமையலறையில் கடப்பாரைச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பேச்சிமுத்து சுவரில் ஜன்னலுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் என் மாமியார். நான் கோயிலுக்குப் போயிருந்த சமயம் கிணற்றடிக் கல்லில் அடுப்பை வைத்து, யாரும் பார்க்காமல், நின்றபடி சுண்டைக்காய் வதக்கிப் பார்த்திருக்கிறார். "காத்து சும்மா சிலுசிலுன்னு வருது. இத்தன நாளா ஏன்த்தா எங்கிட்டச் சொல்லல?" என்கிறார். மேடையும் வரப்போகிறது, அவருடைய இடுப்புக்கு அளவெடுத்தாயிற்று. அவர் என் தோளுக்கும் கீழே. அவர் நின்று சமைக்கும் மேடையில் நான் சமைக்க வேண்டுமானால் முக்காலி போட்டு உட்கார வேண்டும். சந்தாவை நிறுத்த வேண்டாம். ஒச்சம்மாள் என்று பெயர் மாற்றி அனுப்பவும். 'உட்கார்ந்தபடி சமைப்போம்' என்று ஏதாவது கட்டுரை கைவசம் இருந்தால் எனக்குத் தெரிவிக்கவும்.