நகவெட்டி அண்ணாச்சியும் நாலு குளம்பும்

தூத்துக்குடியில் அத்தனை பேருடைய காலையும் பார்த்துவிட்டு, ஒருத்தர் முகத்தைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஆபீஸ் நகவெட்டி அண்ணாச்சிதான். ஹார்பருக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குக்குப் பேப்பர் பார்த்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவருக்கு ஒரு வணக்கம் போட்டேன். அவர் குனிந்து என் செருப்பைப் பார்த்தார்.

“வலது குதி வெளிப்பக்கமாத் தேயுது. இடுப்பு வலி உண்டுமா தம்பி?”

“இல்ல அண்ணாச்சி.”

“வரும்.”

அடுத்த மாதமே வந்தது.

ஹார்பருக்குள் போய் கன்டெய்னர் நம்பர் சரிபார்ப்பது அவர் வேலை. ஆனால் உயிர் முழுக்கக் குதிரை, கழுதைக் குளம்பில் இருந்தது; பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். எந்த நாட்டிலோ யாரோ குளம்பு சீவும் வீடியோவைச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸில் சாய்த்துவைத்துப் பார்ப்பார். அழுகின குளம்பை வழித்து எடுக்கும் கட்டம் வந்தால் அவருக்கு இன்னும் ரெண்டு கவளம் கூடுதலாக இறங்கும். எதிரில் சீலாமீன் பொரியலோடு உட்கார்ந்தவன் திறந்த வேகத்தில் டப்பாவை மூடிக்கொண்டு வேறு மேசை பார்ப்பான்.

மேனேஜர் மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை வெள்ளைக் குதிரையில் ஏற்றி அழைத்து வந்தார்கள். பேண்டு முழங்குகிறது, வெடி வெடிக்கிறது. அண்ணாச்சி நடுரோட்டில் கையை நீட்டி ஊர்வலத்தை நிறுத்தி, குதிரையின் முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“லாடத்த அடிச்சு அடிச்சே காலக் கெடுத்து வச்சிருக்கான். இது வெறுங்கால்ல நடக்க வேண்டிய சீவன்வே. மாப்பிள்ள, எறங்கும்!”

மாப்பிள்ளை மண்டபத்துக்கு ஆட்டோவில் போனார். மேனேஜர் ஒரு மாசம் அண்ணாச்சியிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அண்ணாச்சிதான் முகத்தையே பார்ப்பதில்லையே, அவருக்கு அது தெரியவே தெரியாது.

இதெல்லாம் சில்லறை. அவர் உண்மையாக மாட்டிக்கொண்டது செல்லையாவின் கழுதையிடம்.

திரேஸ்புரத்துச் சந்துகளில் வீடு கட்டுகிறவர்களுக்குச் செங்கல் சுமக்கக் கழுதை வைத்திருந்தவர் செல்லையா. லோடு ஆட்டோ வந்ததும் கழுதைக்கு வேலை போயிற்று. இரண்டு வருஷம் ஈரச் சகதியில் கட்டியே கிடந்தது. தேய வழியில்லாமல் குளம்பு நாலும் முன்னால் நீண்டு, ராஜா காலத்துச் செருப்பு மாதிரி மேலே சுருண்டுவிட்டன. இரண்டு அடி வைத்தால் விழும். வெளி மாநில லாரிக்காரன் ஒருவனுக்கு விலை பேசியிருந்தார் செல்லையா. எதற்கு வாங்குகிறான் என்று அவர் கேட்கவில்லை. நடக்க முடியாத கழுதையை எதற்கு வாங்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் மாதா கோயில் கமிட்டிக்கு ஓர் ஆசை. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு பவனியில் இயேசு ஆண்டவர் கழுதைமேல் எருசலேமுக்கு வருகிற காட்சியை நிஜக் கழுதையோடு நடத்த வேண்டும். அண்ணாச்சி இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார்.

“செல்லையா, குருத்து ஞாயிறு வரைக்கும் இத என்கிட்ட விட்டுரும். பவனியில நாலு தெரு நடக்கும். நடக்கலன்னா நானே லாரியில ஏத்திவிடுதேன்.”

அப்போதுதான் கிறிஸ்துமஸ் முடிந்திருந்தது. செல்லையா சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுவது. அண்ணாச்சி கையில் கத்தியும் அரமும். காலைப் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. “இடுப்பு வலிக்கு நல்லது,” என்றார். அடுத்த நிமிஷம் கழுதை அதே இடுப்பில் ஒன்று விட்டது.

“பாத்தீரா, பின்னங்காலுக்குத் தெம்பு வந்துட்டு!” என்று குதூகலித்தார் அண்ணாச்சி. என்னைத் தூக்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அழுகின இடத்தை உப்புத் தண்ணீரால் கழுவுவார். படுக்கக் காய்ந்த மணல் போட்டார். தினமும் காலையில் ஆபீசுக்கு வருமுன் சல்லிக்கல் பாதையில் அதை நடத்திக்கொண்டு போவார். பிறகு அதே வாசனையோடு மேனேஜர் ரூமுக்குள் நுழைவார்.

கமிட்டிக்குப் பொறுமையில்லை. “ரம்பத்த வச்சு ஒரே நாள்ல அறுத்துவிட்டா சோலி முடிஞ்சுதுல்லா?” என்றார்கள்.

“ரெண்டு வருசமா கோணின காலுவே. நரம்பும் அப்பிடியே பழகிட்டு. ஒரேயடியா வெட்டினா ரத்தம் வரும், நிக்கத் தெரியாம விழுந்துரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெட்டணும்.”

அடுத்த சண்டை சூசையோடு. சூசை படகு எஞ்சின் மெக்கானிக். ஆண்டவர் வேஷத்துக்காகக் கிறிஸ்துமஸிலிருந்து தாடி வளர்க்கிறார். எடை தொண்ணூறு கிலோ.

“நீரு ஏறினா என் வேல அம்புட்டும் போச்சு,” என்றார் அண்ணாச்சி.

“அப்ப நான் என்ன மயித்துக்குவே தாடி வளத்தேன்?”

பங்குச் சாமியார் குறுக்கே வந்தார். “கழுத சோர்ந்திருந்தா ஆண்டவரே எறங்கித்தான் நடந்திருப்பாரு. நடங்க சூசை.”

குருத்து ஞாயிறு வந்தது. சூசை கழுதையின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடக்க, முதல் தெரு தாண்டிற்று. கழுதை நடந்தபடியே சூசை கையிலிருந்த குருத்தோலையைத் தின்று தீர்த்தது. இரண்டாவது தெரு, மூன்றாவது தெரு. நாலாவது தெரு முனையில் நின்றது. நின்றதென்றால் நங்கூரம் போட்ட மாதிரி.

பைபிளில் வழியெல்லாம் துணி விரித்தார்கள் அல்லவா? நாலாவது தெருப் பெண்கள் பக்தியில் ரோடு முழுக்கப் பட்டுச்சேலை விரித்திருந்தார்கள். கழுதை அதை முகர்ந்து பார்த்துப் பின்வாங்கியது. சூசை தள்ளினார், கமிட்டி இழுத்தது, பாட்டுக்காரர்கள் ஓசன்னா பாட்டை ஏழாவது தடவையாகத் திரும்பப் பாடினார்கள். கூட்டத்தில் செல்லையாவின் போன் அடித்தது. லாரிக்காரன்.

அண்ணாச்சி வேஷ்டியை மடித்துக் கட்டினார். வேஷ்டிக்குக் கீழே வழக்கமான ஹார்பர் ஷூ. சேலைகளை ஒவ்வொன்றாக வாரித் தோளில் போட்டார்.

“ஏ அண்ணாச்சி, அது என் கல்யாணச் சேல!”

“இருக்கட்டும்மா. சல்லிக்கல்லுல பழகின காலு. அதுக்கு மெத்துனு இருந்தா பயம்.”

பதினாலு சேலையும் தோளில் ஏறின. வெறும் ரோடு தெரிந்தது. கழுதை ஒரு காலை வைத்தது. பிறகு அடுத்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

“கேக்குதா தம்பி? நாலும் ஒரே சத்தம்!”

கேட்டது. கோயில் வாசல் வரைக்கும் கேட்டது. செல்லையா போனை எடுத்து லாரிக்காரனைக் கூப்பிட்டார். “வராதயும்வே. ஊரே ஓசன்னா பாடிக் கூட்டியாந்த சீவன லாரியில ஏத்தினா, எம் பொண்டாட்டி எனக்குச் சோறு போடமாட்டா.”

கதை இதோடு முடிந்திருந்தால் அண்ணாச்சிக்கும் கௌரவம். ஆனால் அந்த வாரமே பெரிய வியாழன், இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவிய நாள். கோயிலில் பன்னிரண்டு ஆண்களை உட்காரவைத்துச் சாமியார் அவர்கள் பாதத்தைக் கழுவுவார். அந்த வருஷம் பன்னிரண்டில் ஒருவராக அண்ணாச்சியைச் சேர்த்துவிட்டார்கள். வேண்டாம் என்று அவர் சொன்ன நூறு சாக்கும் எடுபடவில்லை. பார்க்க நானும் போயிருந்தேன்.

ஷூவைக் கழற்றினார். பத்து வருஷப் பழக்கத்தில் அவர் காலை நான் பார்த்தது அன்றுதான். குதிகால் காய்ந்த உப்பளம் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. நகங்கள் நீண்டு வளைந்து பக்கத்து விரலில் குத்திக்கொண்டிருந்தன. ஊர்க் காலையெல்லாம் பார்த்த மனுஷனுக்குத் தன் காலைப் பார்க்க நேரமில்லை. வீட்டில் தனியாள். சொல்ல ஆளும் இல்லை. சாமியார் ஒரு நிமிஷம் தண்ணீர் ஊற்றாமல் அப்படியே குனிந்திருந்தார். அண்ணாச்சி தலை நிமிர்ந்து, அன்றுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். குற்றம் செய்து பிடிபட்டவர் முழி அது.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாது என்பதில் அவருடைய கிறிஸ்தவ வீட்டு சாஸ்திரமும் என் இந்து வீட்டு சாஸ்திரமும் ஒன்று. சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போய், ஒரு பேசின் உப்புத் தண்ணீரை வைத்துத் தரையில் உட்கார்ந்தேன்.

“கால நீட்டுங்க அண்ணாச்சி.”

மிரண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மெதுவாக நீட்டினார்.

“ஒரேயடியா வெட்டிராதயும் தம்பி.”

“தெரியும் அண்ணாச்சி. கொஞ்சம் கொஞ்சமாத்தான்.”

மூன்று வாரத்துக்கு ஒருமுறை இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன். இதுவரை அவர் உதைத்ததில்லை.