பதினோராவது மிக்ஸ்

"பொம்பளையளுக்க சத்தத்தையே காணமே மக்கா!"

பதினோராவது தடவையாக இதைச் சொல்லிவிட்டு, ஜெயசிங் சார் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். பிரபின் சொல்ல வேண்டியதையெல்லாம் ஏழாவது தடவையோடு சொல்லித் தீர்த்திருந்தான், பாவம்.

கத்தாரில் ஆறு வருஷம் ஏசி மாட்டியவன். போதுமடா சாமி என்று மணவாளக்குறிச்சிக்குத் திரும்பி, வீட்டு மாடியறையில் ஸ்டுடியோ போட்டிருந்தான். சபைப் பாடகர் குழுவின் பண்டிகைப் பாட்டுதான் முதல் பெரிய வேலை. ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டைப் பண்டிகை. குழுத் தலைவரான ஜெயசிங் சாருக்குப் பிடித்துவிட்டால், கிறிஸ்துமஸ் ஆல்பம் பன்னிரண்டு பாட்டும் இவனுக்கு. பிடிக்காவிட்டால் ஆல்பம் நாகர்கோவிலுக்குப் போய்விடும். இவன் மறுபடியும் கத்தாருக்குப் போவான். மாமனார் விசாவுக்கு ஆள் பார்த்து வைத்துவிட்டு, தினமும் போன் பண்ணி, "பாட்டு முடிஞ்சா?" என்று கேட்கிறார். எவ்வளவு அக்கறை!

சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விடையைப் பார்த்து வழி எழுதச் சொல்லும் ரகம். பக்கத்து ஊர்ச் சபையின் பாட்டு ஒன்றைத் தன் போனில் கொண்டுவந்து, "இதப்போல வரணும். இத ஒருக்கா கேளு, நம்ம பாட்ட ஒருக்கா கேளு. வித்தியாசம் தெரியும்" என்றார்.

குவைத்திலிருந்து மகன் அனுப்பிய ஹெட்போனைத் தவிர வேறெதிலும் கேட்கவும் மாட்டார். "ஸ்பீக்கர்ல எந்தக் கழுதையும் நல்லாத்தான் பாடும்" என்பார்.

பிரபின் மாற்றி மாற்றிக் கேட்டான். அந்தப் பாட்டில் எல்லாக் குரலும் நடுவிலேயே குவிந்து கிடந்தது. இவனோ ஆலயத்துக்குள் உட்கார்ந்து கேட்பதுபோல அமைத்திருந்தான். அவர்கள் சபையில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். பாட்டை மிக்ஸ் பண்ணும்போதும் குரல்களை அப்படியே இடம் வலமாகப் பிரித்து வைத்தான். தன்னுடையதுதான் அழகு என்று அவனுக்குப் பட்டது. பட்டு என்ன பிரயோஜனம்?

பெண்கள் குரலைக் கொஞ்சம் ஏற்றினான்.

"ஊஹூம்."

இன்னும் ஏற்றினான். சார் போனில் இருந்த பாட்டைப் போட்டார். "இதுல பாரு, எப்படிக் கணீர்னு கேக்குது!"

சரியென்று ஆண்கள் குரலைக் குறைத்து, வழக்கம்போல் குழுவில் எல்லோருக்கும் போனில் அனுப்பினான். மறுநாள் காலையிலேயே இஸ்ரவேல் படியேறி வந்தார். ஆண்கள் வரிசையில் தடித்த குரல் அவருடையதுதான்.

"ஏலே, நாங்க பத்துபேரு தொண்டை கிழியப் பாடினோமே. எங்கள எங்க கொண்டு பொதச்ச?"

"சார்தான் கொறைக்கச் சொன்னாரு, சித்தப்பா."

"அப்போ ஞாயிற்றுக்கிழமை அவரே தனியா நிண்ணு பாடட்டு. நாங்க வரல்ல!"

அவரைக் காபி கொடுத்துச் சமாதானப்படுத்தி, ஆண்கள் குரலைத் திரும்ப ஏற்றினான். சார் கேட்டுவிட்டு, "இருந்த பொம்பளையளும் போயிற்றாவ" என்றார். வேறு வழியில்லாமல் பெண்கள் குரலை இருக்கிற மட்டும் தூக்கினான். கீழே சமையலறையிலிருந்து அவன் மனைவி ஜாஸ்பின் ஓடிவந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு? ஏன் இப்படி நெலவிளிக்காவ?"

அந்த நெலவிளி அலறல்தான் பதினோராவது மிக்ஸ். அதைக் கேட்டுவிட்டுத்தான் சார், பெண்கள் சத்தத்தைக் காணோம் என்று ஹெட்போனைக் கழற்றி வைத்திருக்கிறார்.

"ஒனக்குக் காது சரியில்ல மக்கா. ஆல்பத்த நாகர்கோவில்லயே குடுத்திரலாம்னு தோணுது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பிரபினுக்கு அலுப்பில் அழுகைகூட வரவில்லை. மாமனாருக்கே போன் பண்ணிவிடலாம் என்று எண்ணை எடுத்தபோது, சாரின் மனைவி லீலாபாய் மூச்சிரைக்க ஏறி வந்தார். பெண்கள் வரிசையில் முதல் குரல் அவர்.

"என்ன பிரபினே, எனக்க சத்தத்த இப்படி ஊளையாக்கி வச்சிருக்க? நாளைக்கு நான் எப்படி வெளிய தலகாட்டுவேன்?"

"சாருக்குப் பெண்ணுங்க சத்தமே கேக்கல்லியாம், மாமி. போன்ல இருக்க பாட்டுல மட்டும் கேக்குதாம்."

"கேக்கல்லியாமா? எங்கள எந்தப் பக்கம் வச்சிருக்க?"

"ஆலயத்துல இருக்கதுபோலத்தான். எடது பக்கம்."

லீலாபாய் படியை எட்டிப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினார்.

"வலது பக்கமா மாத்திரு மக்கா, எங்க வீட்டு அவியளுக்கு எடது காது போயி இருவத்தஞ்சு வருஷமாச்சு, எனக்கு ஆத்திரம் வந்தா அந்தப் பக்கமா நிண்ணுதான் ஏசித் தீப்பேன், அதனாலதான் இந்தக் குடும்பம் இதுவர சண்டையில்லாம ஓடுது."